போகிற ஆளின் கையெழுத்து

நான் ஓய்வு பெற்ற மாதத்தில் என் மேசைக்கு வந்த கோப்புகள் குறையவில்லை, கூடின. போகப்போகிறவரிடம் எதற்கு இவ்வளவு வேலை கொடுக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். தாலுகா அலுவலகத்தில் சில காலம் உட்கார்ந்தவனுக்குக் காரணம் தெரியும். யாரும் பொறுப்பேற்க விரும்பாத உத்தரவுகளுக்கு, அடுத்த மாதம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டான் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவனுடைய கையெழுத்து மிகவும் வசதி. பிறகு விசாரணை வந்தால், அது முன்னால் இருந்தவர் போட்டது என்று சொல்லி எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகங்களில் இதற்குப் பெயரே உண்டு: போகிற ஆள் கையெழுத்து.

அதை யாருக்கும் கொடுக்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுவதும் எனக்கு இருந்த ஒரே கவலை.

கடைநிலை எழுத்தராக மன்னார்குடியில் சேர்ந்து, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி என்று மாறி, கடைசியில் நன்னிலம் பக்கத்துத் தாலுகா ஒன்றில் தாசில்தாராக வந்து நின்றேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலக வாசலில் கதர்ச் சட்டைகள் நின்றன. முடிக்கும்போது கரைவேட்டிகள் நின்றன. கேட்ட காரியங்கள் பெரும்பாலும் அதேதான். ஆனால் வயல்களில் நிலைமை மாறிவிட்டிருந்தது. குத்தகைதாரர் பதிவு வந்தது, கூலிச் சட்டம் வந்தது. பெரிய பண்ணைகளில் ஒவ்வொரு அறுவடையும் போலீஸ் வேன் வந்தால்தான் தொடங்கும் என்ற நிலை. மிராசுதார், தொழிலாளர் இரண்டு பக்கமும் அதிகாரியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் யாருடைய வண்டியில் வந்து இறங்குகிறார், யார் வீட்டு மோரைக் குடிக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். நான் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோவேன்.

ஓய்வு பெறுகிற நாளில் ஓய்வு கிடைத்துவிடும் என்றும் நம்ப முடியாது. எனக்கு முன் பணியாற்றிய ஒருவருக்குப் பிரிவு உபசாரம் நடந்து, மாலை போட்டு, நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் படமும் எடுத்து முடித்த பிறகு, மாலை வேளையில் கலெக்டர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பணியிடை நீக்கம், ஓய்வு பெற அனுமதியில்லை. கழுத்தில் மாலையோடு அதை வாங்கிக்கொண்டார். யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசிதான் காரணம். ஓய்வூதியத்துக்காக அவர் பல வருடங்கள் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே யாரையும் பகைத்துக்கொள்ளவும் கூடாது, யாருக்கும் கையெழுத்துப் போட்டுத்தரவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த மாதம்தான் புரிந்தது.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. மழை, வெயில், வாய்க்காலில் தண்ணீர், போன ஊர், பார்த்த ஆள் என்று சில வரிகள். அந்த மாதத்துக் குறிப்புகளை இப்போது புரட்டினால் மழையும் வெயிலும் காணவில்லை. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், போகும்போது யாருடன் பேசினார்கள் என்பதுதான் இருக்கிறது.

தலைமை எழுத்தர் கோப்புகளைக் கொண்டுவருவார். கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை மட்டும் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார். "எல்லாம் வழக்கமானதுதான் சார்" என்பார். நான் கட்டை அவிழ்த்து முதல் பக்கத்திலிருந்து படிப்பேன். அவர் எதிரே நின்றுகொண்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பார். அப்படிப் படித்ததில் ஒரு வாய்க்கால் கரைப் புறம்போக்கு, ரைஸ் மில் ஒன்றின் களமாக மாறியிருப்பதைக் கண்டேன். அதை முறைப்படுத்தும் உத்தரவு, என் பெயர் வரை தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்த வாரமே வேறு சில கோப்புகளுக்கு நடுவில் அது திரும்பி வந்தது. அவர்தான் வேண்டுமென்றே நுழைத்தாரா, அல்லது கீழே இருக்கிற யாராவது அடுக்கினார்களா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

டெபுடி தாசில்தார், எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், என்னைவிட நிறைய இளையவர். புது ஆள் வரும்வரை என் பொறுப்பை அவர்தான் பார்க்க வேண்டும். அதுவரை அளந்து பேசியவர், அந்த மாதம் திடீரென்று அன்பாகிவிட்டார். பென்ஷன் தாள்களைத் தானே சரிபார்த்துத் தருவதாகச் சொன்னார். என் மனைவியின் மூட்டுவலிக்குக் கூத்தாநல்லூரில் ஒரு டாக்டர் இருப்பதாகச் சொன்னார். அன்பாக இருப்பதற்கு அவருக்குக் காரணம் எதுவும் இல்லை என்பதே எனக்கு உறுத்தியது.

என் மனைவி இந்த விஷயத்தில் எனக்குச் சளைத்தவள் இல்லை. நான் அலுவலகத்தில் இருந்தபோது ஒரு பெரிய பண்ணையின் காரியஸ்தர் வீட்டுக்கு வந்து, மொந்தன் வாழைத்தார் ஒன்றை வாசலில் சாத்திவிட்டுப் போயிருந்தார். அவள் அதைத் தொடவில்லை. தெருவில் போன மாடு ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தபோது நான் வந்து சேர்ந்தேன்.

"வெரட்டலையா?" என்றேன்.

"மாடு வாங்கிக்கிட்டா உங்களைக் கேக்க மாட்டாங்க" என்றாள்.

கடைசி நாள் ஜனவரி மாதத்தில் வந்தது. சம்பா அறுவடைக் காலம். காலையிலேயே அலுவலகம் போனேன். மாலை வேண்டாம், படம் வேண்டாம், ஒரு டீ போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன். மாலையில் டெபுடியிடம் பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. பொறுப்பு ஒப்படைக்கும் தாளைத் தட்டச்சு செய்து, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டு, என் பையிலேயே வைத்திருந்தேன்.

டெபுடி வரவில்லை. காய்ச்சல் என்று ஆள் அனுப்பியிருந்தார். முந்தின நாள் மாலை நன்றாகத்தான் இருந்தார். பிறகு எனக்கு மேலதிகாரியான வருவாய்க் கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நன்னிலத்துக்கும் கூத்தாநல்லூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் அறுவடைத் தகராறு. வெளியூர் ஆட்களை வைத்து அறுக்கப் போகிறார்கள், உள்ளூர்த் தொழிலாளர்கள் மறிக்கிறார்கள். போலீஸ் போயாகிவிட்டது, மாஜிஸ்திரேட்டாக நீங்கள் போக வேண்டும். எனக்கு இன்று கடைசி நாள் என்றேன். மறுமுனையில் இருந்தவருக்கு அது தெரிந்தே இருந்தது. "அதனால என்ன சார், சாயங்காலம்வரை நீங்கதானே?" என்றார்.

தாசில்தார் என்றால் வரி வசூல் மட்டுமில்லை. தாலுகாவின் மாஜிஸ்திரேட்டும் அவர்தான். கூட்டம் கலையாமல் போய்ப் போலீஸ் சுட வேண்டி வந்தால், அந்த இடத்தில் நின்று உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். பிறகு வருகிற விசாரணைக் கமிஷன், சட்டமன்றக் கேள்வி, பத்திரிகை எல்லாம் அந்தக் கையெழுத்தைத்தான் பிடிக்கும். என் சர்வீஸில் அதுவரை அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட நேர்ந்ததில்லை. ஜீப்பில் ஏறும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. கோப்பில் வாங்க முடியாத கையெழுத்தை வயலில் வாங்கப் போகிறார்கள்.

ரோட்டோரமாகப் போலீஸ் வேன் நின்றது. சற்றுத் தள்ளி ஒரு லாரி. அதில் புன்செய்ப் பகுதியிலிருந்து கூட்டி வந்த அறுப்பு ஆட்கள், அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கச் சொல்வார்களா மாட்டார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வரப்பில் உள்ளூர்க்காரர்கள், முன்வரிசையில் பெண்கள். வயலுக்கு நடுவே சிவப்புக் கொடி ஒன்று நட்டிருந்தது. மிராசுதார் வரவில்லை. வாழைத்தார் கொண்டுவந்த அதே காரியஸ்தர், வெள்ளைச் சட்டையோடு போலீஸ் வேனின் நிழலில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகச் சல்யூட் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கூட்டம் கலைய மறுத்ததால் சுட அனுமதிக்கிறேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. நேரமும் கையெழுத்தும் மட்டும் காலி.

"ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான் சார். யூஸ் பண்ணவே மாட்டோம். கையில இருந்தா எங்களுக்கு ஒரு தைரியம்."

"இன்னும் யாரும் கல்லே எடுக்கலையே" என்றேன்.

"எடுத்தப்புறம் உங்களைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது சார்."

வயலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினேன். பெண்கள் வழிவிட்டார்கள். நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு கதிரை ஒடித்தேன். மேல்மணிகள் பழுத்திருந்தன. அடிமணிகள் பச்சை. ஒரு மணியை நகத்தால் உரித்துப் பல்லில் வைத்தேன். கடிபடவில்லை, மாவாகப் பிதுங்கியது. இன்னொரு இடத்தில் ஒடித்தேன். அதுவும் அப்படியே. வயலில் தண்ணீர்கூட இன்னும் முழுதாக வடியவில்லை, கால் புதைந்தது.

இந்தப் பகுதியில் பிறந்தவன் எவனும் இப்படி ஒரு வயலில் அரிவாள் வைக்க மாட்டான். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் நின்றால்தான் நெல் நெல்லாகும். அப்படியிருக்க லாரி பிடித்து, ஆள் கூட்டி, போலீஸுக்குச் சொல்லி இன்றைக்கே அறுக்க வேண்டிய அவசரம் என்ன? வயலில் காரணம் இல்லை. காலண்டரில் இருந்தது. இன்றைக்கு விட்டால் நான் இருக்க மாட்டேன். அதுவரை நான் பட்ட சந்தேகங்கள் எல்லாம் காற்றில் கை வீசியதுபோல. இது மட்டும் கையில் பிடிபட்டது.

காரியஸ்தரைக் கூப்பிட்டேன். வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி, ஏன் பச்சையில் அறுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எலி வெட்டு ஜாஸ்தியா இருக்குங்க. மாடு வேற மேயுது. கெடச்சவரைக்கும் அறுத்துடலாம்னு அய்யா சொல்லிட்டாங்க."

"கெடச்சவரைக்குமா? பச்சையில அறுத்தா வைக்கோல்தான் கெடைக்கும். பொங்கல் தின்ன வயித்துக்கு வைக்கோல் வேணும்போல இருக்குடி" என்று பின்னால் ஒரு பெண் குரல். சிரிப்பு வரப்பு முழுக்கப் பரவியது. லாரியில் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேர்கூடச் சிரித்தார்கள். காரியஸ்தர் சிரிக்கவில்லை. என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

எனக்கு முன்னால் இருந்த வழிகள் எல்லாம் மோசமானவை. அறுக்கக் கூடாது என்று நான் எழுதிக்கொடுத்தால், காரியஸ்தர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கரைவேட்டியிடம் சொல்வார், அவர் ஒரு போன் போடுவார், மாலைக்குள் எனக்கு ஒரு உத்தரவு வந்து சேரும். அறுங்கள் என்றால் பெண்கள் வயலில் இறங்கிப் படுப்பார்கள், ஒரு கல் விழும், இன்ஸ்பெக்டர் தாளை நீட்டுவார். திரும்பிப் போனால் பணியிடத்தை விட்டு ஓடிய மாஜிஸ்திரேட். எழுதாமல், மறுக்காமல், போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. மோட்டார் கொட்டகை ஓரமாகக் கிடந்த சிமெண்டுக் குழாயின்மேல் உட்கார்ந்தேன்.

ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு, டெபுடியை எப்படியாவது கூட்டிவரச் சொன்னேன். எங்கே இருக்கிறேனோ அங்கேயே பொறுப்பை ஒப்படைக்கிறேன், காய்ச்சல் என்றால் போர்த்திக்கொண்டு வரட்டும் என்றேன். டிரைவர் தலையாட்டிவிட்டுப் போனார். போகிற வழியில் காரியஸ்தர் அவரை நிறுத்தி ஏதோ பேசினார். நெருப்புப்பெட்டி கேட்டிருக்கலாம். டிரைவருக்கு பீடிப் பழக்கம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை காலம் கூட வந்தவரைப் பற்றி அதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மதியம் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை, முடிவு சொல்லுங்கள் என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இரண்டாவது தடவை, யாரை விசாரிக்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்விதான். உள்ளூர்ச் சங்கத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். நரைத்த மீசை, தோளில் சிவப்புத் துண்டு, நிதானமான ஆள். எவ்வளவு கூலி கேட்கிறீர்கள், போன வருஷம் என்ன கொடுத்தார்கள், களத்திலேயே அளந்தார்களா, எந்த மரக்காலில் அளந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதேபோல் காரியஸ்தரையும் கேட்டேன். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் விசாரணை நடத்தியதில்லை. பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"தாசில்தாரு இங்கேயே ரிட்டயர்டு ஆவப் போறாரு போல" என்றாள் ஒருத்தி.

"ஆவட்டும். நம்ம ஊருல யாரு ரிட்டயர்டு ஆயிருக்கா? நாமளும் பாப்போம்" என்றாள் மற்றவள்.

வெயில் சாய்ந்த பிறகுதான் ஜீப் வந்தது. போக வர ஆகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகியிருந்தது. டயர் பஞ்சர் என்றார் டிரைவர். டெபுடி கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு இறங்கினார். போலீஸ், லாரி, கொடி மூன்றையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்கயா சார்?" என்றார்.

"அலுவலக நேரம் முடியப்போவுது. எங்க இருந்தா என்ன?"

ஜீப்பின் பானெட்டின்மேல் தாளை வைத்தேன். நேரத்தை நிரப்பி, ஒப்படைத்தேன் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். பேனாவைக் கொடுக்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. சூடு இல்லை. பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். ஏற்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. பென்ஷன் தாளைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசியவர், இத்தனை பேர் முன்னால் என்னைப் போக விடாமல் பிடித்து வைக்க முடியாது. கையெழுத்திட்டார்.

இன்ஸ்பெக்டர் உடனே அவரிடம் போய் அந்தச் சுடும் உத்தரவுத் தாளை நீட்டினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.  டெபுடி அதைப் படித்தார். வயலைப் பார்த்தார். கருவேலமரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார்.

"இருட்டப் போவுது. இதுக்கு மேல எங்க அறுக்கறது? நாளைக்கு ஆர்.டி.ஓ. முன்னாடி ரெண்டு பேரையும் வெச்சுப் பேசிடலாம்" என்றார்.

தாளை மடித்து இன்ஸ்பெக்டரிடமே திருப்பிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சல்யூட் வைக்காமல் வேனுக்குப் போனார். லாரி கிளம்பியது. அறுப்பு ஆட்கள் அரிவாளைத் துணியில் சுற்றினார்கள். இன்றைய கூலிக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் காரியஸ்தரைக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பண்ணை வீட்டுப் பக்கம் நடந்தார்.

டெபுடிக்குக் கையெழுத்துப் போடப் பயமா, இல்லை தொடக்கத்திலிருந்தே அவருக்கும் இதில் பங்கில்லையா, இல்லை நெல் பச்சையாக இருப்பதை அவரும் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. ஜீப்பில் ஏறச் சொன்னார், வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் சர்க்கார் வண்டியில் ஏற உரிமையில்லாதவன். யாராவது அதையும் மொட்டைக் கடுதாசியில் எழுதிப்போடலாம்.

பஸ் வரும் ரோட்டை நோக்கி நடந்தேன். சங்கத்துக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். 

"அய்யாகிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்றார். "உங்களையே அனுப்பணும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு கொடுத்தது நாங்கதான்."

நின்றுவிட்டேன்.

"அவங்க இன்னிக்கி அறுக்கப் போறது முந்தாநாளே தெரிஞ்சு போச்சுங்க. வேற ஆளு வந்தா மேலயிருந்து ஒரு போன் வந்தாப் போதும், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாரு. நாளைக்கி நாற்காலியில ஒக்காரணும்ல? போற ஆளுக்கு எதுக்குப் பயம்னு நெனச்சோம்."

மிராசுதார் பக்கம் என்னைத் தேர்ந்தெடுத்ததாக நான் நாள் முழுவதும் எண்ணிய அதே காரணத்துக்காக, இவர்களும் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அல்லது இவர்கள் மட்டுமே. அல்லது ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை, டெபுடி உண்மையிலேயே காய்ச்சலில் படுத்து வேர்த்துக் குளிர்ந்திருந்தார். எது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை.

"இதை என்கிட்ட சொல்லச் சொல்லி யாரு அனுப்புனது?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "யாரும் அனுப்பலைங்க" என்றார். "நீங்க பயந்துக்கிட்டே ஒக்காந்திருந்தீங்க. அதான் சொல்லலாம்னு வந்தேன்."

பஸ் விளக்கு தெரிந்தது. அவர் கை காட்டி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகு, நான் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போதும், அவர் சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புகிறார், ஊருக்கா, காரியஸ்தர் போன வழியிலா என்றுதான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிவிட்டது, தெரியவில்லை.

பேச்சுவார்த்தை மறுநாளே முடியவில்லை, பல நாள் இழுத்தது. ஒவ்வொரு காலையும் பத்திரிகை வந்ததும் மாவட்டச் செய்திப் பக்கத்தை முதலில் பிரிப்பேன். அந்தக் கிராமத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவேன். வரவில்லை. நெல் நன்றாக முற்றிய பிறகு உள்ளூர் ஆட்களே அறுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கூலியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தார்களாம். சொன்னவர் எனக்குத் தெரிந்தவர்தான். இருந்தாலும் ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வயல் முழுக்க அறுத்த நெல்லின் தாள்தான் நின்றது. ஓரத்தில் உளுந்து முளைவிட்டிருந்தது.